குறை சொல்லி மீன் விற்றவர்

தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்கிற வியாபாரியை நான் என் வாழ்நாளில் ஒரே ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். மேற்குத் தாம்பரத்தில் மாடியில் ஒரு அறை எடுத்து நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். அதன் படிக்கட்டை ஒட்டி, கீழே, ஒரு அலுமினிய அன்னக்கூடை, ஒரு அரிவாள்மனை, ஒரு டப்பா சாம்பல் சகிதமாக அவர் உட்கார்ந்திருப்பார். எண்பதுகளின் நடுவில் தொடங்கி ஏழெட்டு வருஷம் நாங்கள் அப்படி மேலும் கீழுமாக இருந்தோம். பெயர் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் மீன்கார அக்கா, எனக்கும் அக்கா. அவருக்கு நான் டீச்சர்.

முதல் நாள் நான் ஆசையாகக் குனிந்து, "கெளுத்தி எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு வேணாம்மா. வவுத்துல மண்ணு கீது. கொயம்பு வச்சா சேத்து வாடை தூக்கும். உன் வூட்டுக்காரரு தட்டத் தூக்கி எறிவாரு."

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. தட்டைத் தூக்கி எறிய ஆள் இல்லை, கொடுங்கள் என்றேன். "அப்ப நீயே எறிவே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

எதிர்ச்சாரியில் ஐஸ் பெட்டி வைத்துக் கடல் மீன் விற்கிறவர் ஒருவர் இருந்தார். செத்து மூன்று நாளான மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, "துள்ளுது, துள்ளுது" என்று கத்துவார். இந்தப் பக்கம் அக்கா, காலையில் பிடித்த மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, "பாரு, செவுப்பு கம்மியா கீது, இடுக்குல மண்ணு" என்று முகத்தைச் சுளிப்பார். பரவாயில்லை கொடுங்கள் என்று வாங்க வந்தவர்கள் கெஞ்சுவார்கள். அப்புறம்தான் அரிவாள்மனை நகரும். இதை வியாபாரத் தந்திரம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பழகப் பழகத் தெரிந்தது, தந்திரமும் இல்லை, தர்மமும் இல்லை. சிலருக்கு விசில் அடிக்க வராது. அக்காவுக்குப் பொய் வராது.

அதனால் அவரைக் கண்டால் தெருவில் கொஞ்சம் பயமும் உண்டு. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். யாரிடம் என்றால், போயும் போயும் மீன் கூடைக்காரரிடம். "நல்ல ஜனம். பொண்ணு தங்கம். அக்காகாரி மட்டும் கோவக்காரி, எல்லாத்தையும் தன் இஷ்டத்துக்கு மாத்தி வச்சிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் இன்றுவரை என்னிடம் அளந்துதான் பேசுகிறார்கள். நான் ஒரு வாரம் அக்காவிடம் முகம் கொடுக்கவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்றுகூடச் சந்தேகம்தான்.

அக்காவின் வீடு முடிச்சூர்ப் பக்கம், ஏரியிலிருந்து இறங்கி ஆற்றைப் போய்ச் சேருகிற ஓர் ஓடைக்கரையில். மீன் எல்லாம் அந்த ஓடை மீன். சிறு கண்ணி வலையும் கூடையும் வைத்துக்கொண்டு விடியற்காலையில் அவரே இறங்கிப் பிடிப்பார். புருஷன் இல்லை. ஒரே மகன், லாரி ஓட்டினான், கல்யாணமாகிக் கூடவே இருந்தான். லாரி டிரைவர் மகன் என்பதில் அக்காவுக்குத் தாங்காத பெருமை. அந்தப் பெருமையிலும், "ஆனா கியர் போட வரல, டர்ரு டர்ருன்னு சத்தம் வருது" என்று ஒரு குறை சேர்த்துத்தான் சொல்வார்.

தினமும் கூடையை இறக்கியதும் மேலே பார்த்து எனக்கு ஒரு செய்தி சொல்வது அவர் வழக்கம். விலை அல்ல, எடை அல்ல. "டீச்சர், இன்னிக்கு ஏயு தினுசு!" கெண்டை, கெளுத்தி, உளுவை, அயிரை, குறவை, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பொடிகள் என்று அன்றைக்குக் கூடையில் எத்தனை வகை என்பது கணக்கு. நானும் டைப் அடிக்கும் பெண்களுக்கு நடுவில் நின்று ஜன்னல் வழியாகத் தலையாட்டுவேன். ஏழு ஆறாகி, ஆறு ஐந்தானது எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள், "மூணு தினுசுதாம்மா" என்று மேலே பார்க்காமலே சொன்னார். அன்றைக்குத்தான் நான் கீழே இறங்கி வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வாயால சொன்னா உனுக்குப் புரியாது. ஞாயித்துக்கெயம வா."

போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் மனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பள்ளமான மனைகளை மேடாக்க மண் வேண்டும். ஏரிப் பக்கம் வெட்டிய மண்ணை ஏற்றிக்கொண்டு லாரிகள் சுற்று வழியை மிச்சப்படுத்த ஓடைக்குள்ளேயே இறங்கி ஏறின. இறங்கும் இடத்தில் இரு கரையும் சரிந்து, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அன்று ஞாயிறு, லாரி இல்லை. தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

"தண்ணியப் பாக்காதே. தரையப் பாரு" என்றார் அக்கா.

லாரி இறங்கும் இடத்துக்கு மேலே கையை விட்டு ஒரு கல்லை எடுத்தார். சுத்தமான கல். அடியில் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன. கீழே இருபதடி தள்ளி இன்னொரு கல்லை எடுக்கப் போனார். அது வரவே இல்லை. மாவு மாதிரி மெல்லிய மண் மூடி, கல்லும் மணலும் பூசி மெழுகியது போல ஒட்டிக் கிடந்தன.

"இந்தக் கல்லு சந்துலதாம்மா அயிர முட்ட வெக்கிது, உளுவ வெக்கிது. முட்டைக்கும் காத்து வோணும்ல? சந்துல தண்ணி பூந்து ஓடுனாத்தான் காத்து. இப்டி மூடிகினா உள்ளயே அயுவிப் பூடுது. புயு பூச்சியும் போச்சி. கெண்டைக்குக் கலங்கல்ல கண்ணு தெரியாம இரை கெடைக்கல, எளைச்சிப் போச்சி. குறவையும் ஜிலேபி மீனும் எந்த சேத்துலயும் பொயச்சிக்கும். அதான் கூடையில அதுங்களே வருது."

மழைக்காலத்தில் ஓடை கலங்குமே, அப்போதெல்லாம் மீன் சாகவில்லையே என்று நான் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டேன்.

"மயத் தண்ணி ரெண்டு நாளு கலக்கும், அதுவே பெருக்கித் தள்ளிட்டுப் பூடும். இவனுங்க தெனம் கலக்கறானுங்க. வெய்யில் காலத்துல பெருக்கறதுக்கு ஏதும்மா வெள்ளம்?" பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு மனு எய்திக் குடு. லாரி ஓடையில எறங்கக் கூடாது. அவ்ளோதான் கேக்கறது."

மனு எழுதுவது எனக்குக் கைவந்த கலை. இன்ஸ்டிடியூட்டின் பக்கத் தொழில் அது. குடும்ப அட்டைக்கு, தெருவிளக்குக்கு, விதவைப் பென்ஷனுக்கு என்று பாதித் தாம்பரத்தின் குறைகள் என் மிஷின் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போயின. எழுதிவிடலாம் என்றேன்.

"இன்னொண்ணும் எய்தணும். அந்த லாரில ஒண்ண ஓட்டறவன் என் புள்ள."

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். மகனிடம் சொல்லிப் பார்த்தீர்களா என்றேன்.

"சொன்னேன். நான் எறக்கலன்னா வேற எவனாவது எறக்குவான், எனக்கு சோறு போடறது அந்த லாரிதான்றான். அவன் சொல்றதும் நாயம்தான். அவன் வண்டிய நிறுத்துனா வேல போயிடும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா ஊரான் லாரின்னு மட்டும் எய்திட்டு என் புள்ளய மறைச்சேன்னா அது இன்னா மனு?"

அன்று சாயங்காலம் மிஷினில் காகிதத்தைச் செருகியபோது என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. தரையில் மெல்லிய மண் படிகிறது, கல் இடுக்கில் முட்டை அழுகுகிறது என்று எழுதினால் எந்த அதிகாரி மதிப்பான்? சிரிப்பான். அதனால், "ஓடை நீர் எந்நேரமும் சேறும் கலங்கலுமாக மாறி, பொதுமக்கள் கால் நனைக்கவும் இயலாத அவல நிலையில் உள்ளது" என்று அடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு நன்றாக இருந்தது. மகனைப் பற்றிய வரியை விட்டுவிட்டேன். பெற்ற தாய் தன் மகன் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கு என் மிஷின் எதற்கு?

மறுநாள் அக்கா கைநாட்டு வைக்கும் முன்னால் மை தடவிய கட்டை விரலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டார்: "நான் சொன்னதத்தான் எய்துனியா?"

"ஆமாக்கா."

விரலை வைத்தார். தன் இஷ்டத்துக்கு மாத்தி வச்சிடும் என்று அவர் என்னைப் பற்றிச் சொன்னது அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதிகாரி வந்தது ஆடி மாதம். அது எங்கள் கணக்கில் இல்லாத மாதம். அம்மன் கோவிலில் காப்புக் கட்டிவிட்டால் அந்தப் பக்கத்து டிரைவர்கள் திருவிழா முடிகிறவரை வண்டியைத் தொட மாட்டார்கள். பத்து நாளாக ஒரு லாரியும் ஓடைக்குள் இறங்கவில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடைக்கரைக்குப் போனபோது தண்ணீர் கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது.

கரையில் ஒரு சின்னக் கூட்டம். மண் காண்டிராக்டரின் ஆள் ஒருவர், ஊர்க்காரர்கள் சிலர், மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு அக்காவின் மகன். அதிகாரி வயசானவர், நிதானமானவர். மனுவை உரக்கப் படித்துவிட்டு ஓடையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, எந்நேரமும் சேறுன்னு எழுதியிருக்கீங்க. தண்ணி பளிங்கு மாதிரி ஓடுது. பொய் மனு குடுத்தா என்ன ஆகும் தெரியுமா?"

காண்டிராக்டர் ஆள் சிரித்தார். அக்கா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ‘சார், அது நான் எழுதினது’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

"நான் தண்ணியப் பத்தி சொல்லவே இல்ல சார். தரையப் பத்திதான் சொன்னேன்" என்றார் அக்கா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். லாரித் தடத்துக்குக் கீழே நின்று குதிகாலால் தரையை ஒரு தேய் தேய்த்தார். பழுப்பாக ஒரு புகை கிளம்பியது. கிளம்பி அவர் முழங்காலை மறைத்து, பரவிக்கொண்டே கீழே போயிற்று. பிறகு தடத்துக்கு மேலே ஒரு கல், கீழே பெயர்த்து ஒரு கல், இரண்டையும் கொண்டுவந்து அதிகாரியின் இரண்டு கையிலும் வைத்தார். ஃபைலெல்லாம் ஈரம்.

"இது மேலண்ட கல்லு. இது கீயண்ட கல்லு. தொட்டுப் பாரு சார். நீ மீனுன்னா எதுல முட்ட வெப்பே?"

அதிகாரி சிரிக்கவில்லை. கட்டை விரலால் இரண்டையும் மாறி மாறித் தேய்த்துப் பார்த்தார். "லாரி இதுக்குள்ளயா இறங்குது?" என்று கேட்டார்.

"எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு சார்" என்றார் காண்டிராக்டர் ஆள்.

"யார் ஓட்டறது?"

மகன் தலையைக் குனிந்துகொண்டு காப்பைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவைப் பார்த்திருந்தால் ஒருவேளை அவர் நிறுத்தியிருப்பாரோ என்று நான் நினைப்பதுண்டு. நிறுத்தியிருக்க மாட்டார்.

"என் புள்ள ஓட்டறான் சார். தோ நிக்கிறான். ஒரு நாளைக்கு இருவது தபா எறங்கி ஏறுவான். மொதலாளி சொல்றாரு, அவன் செய்றான். அதையும் மனுல எய்த சொன்னேன்."

மகன் தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கரையோடு நடந்து போய்விட்டான்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். பஸ் நிறுத்தத்தில் நானும் அக்காவும் மட்டும் நின்றோம். உங்கள் நல்லதுக்குத்தான் மாற்றி எழுதினேன் என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசுவேன்னு பாத்துகினே இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "எனக்குப் படிப்பு இல்ல, கையெய்த்து இல்ல. கைநாட்டு ஒண்ணுதாம்மா கீது. அதுல கொண்டுபோய்ப் பொய்ய ஒட்டிட்டியே."

அதன் பிறகு நான் மனு எழுதினால் சொல்கிறவர் சொன்னதை அப்படியே அடித்து, வாசித்துக் காட்டி, பிறகுதான் மையை நீட்டினேன். அழகாக எழுதுகிற இன்னொருவர் ஸ்டேஷன் பக்கம் கடை போட்டார். பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். போகட்டும்.

ஒரு மாதத்தில் லாரித் தடத்தின் இரண்டு முனையிலும் பள்ளம் வெட்டி அடைத்தார்கள். மண் எடுப்பது நிற்கவில்லை, லாரிகள் சுற்று வழியில் போயின. ஓடைக்குள் இறங்குவது மட்டும் நின்றது. அதற்குள் மகனின் வேலை போய்விட்டது. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குக் குடி போனான். யாரோ ஒருவரின் வண்டியில் வேலை கிடைத்தது என்று கேள்வி. அம்மாவோடு பேச்சு இல்லை.

அக்கா எப்போதும் போல வந்தார், எப்போதும் போல மீனைத் திட்டி விற்றார். ஒரே ஒரு வித்தியாசம். ரோட்டில் லாரி போனால் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து டிரைவர் முகத்தைப் பார்ப்பார். ஒரு லாரிகூட விட்டதில்லை. கியர் சத்தத்தை வைத்தே தலையைத் திருப்புவார். மாடியிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம், இவர் ஏன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்று எனக்கு ஆத்திரமாக வரும். கூடவே அழுகையும் வரும்.

ஐப்பசி மழையில் ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அடுத்த கோடையில் ஒரு காலை கீழேயிருந்து குரல்: "டீச்சர், நாலு தினுசு! உளுவ வந்துட்ச்சி!" நான் கிளாஸை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தேன். விரல் நீளத்தில் இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று எளைப்பு என்றார். அப்புறம் கெண்டை கொஞ்சம் சதை போட்டது. அயிரை மட்டும் வரவில்லை. அதுக்குத் தரை இன்னும் சுத்தம் பத்தலை என்பார்.

மகன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் காலை கூடைக்கு முன்னால் யாரோ நிற்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவன்தான். இளைத்திருந்தான். வாடிக்கைக்காரன் மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மீனு எப்டி கீது?"

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தார். "வூட்ல எப்டி கீறா?"

"அஞ்சு மாசம். எதத் துன்னாலும் வாந்தி. ஓட மீனுதான் வோணும்னு ஒரே பேஜார் பண்றா."

கூடையில் நாலைந்து கெளுத்தியும் குறவையும் இருந்தன. அக்கா அவற்றைப் பார்த்தார்.

"இன்னிக்கு வேணாம்பா. இது ஓடையோரக் குட்டையில புடிச்சது, சேத்து வாடை அடிக்கும். நாளைக்கு வா."

அவன் குனிந்து கூடையைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினானா இல்லையா என்று தெரியாதபடிக்கு ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நான் படியில் தடதடவென்று இறங்கி வந்து கத்தினேன். "ஒரு வருஷம் கழிச்சு வந்த பிள்ளைக்கா! இருக்கறதை அள்ளிக் கட்டிக் குடுத்து அனுப்பினா என்ன? நாளைக்கு வரலைன்னா?"

"வரலன்னா நான் இன்னா பண்ண முடியும்?" அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "மாசமா கீற பொண்ணு துன்னப் போவுதும்மா. தெரிஞ்சே மண்ணத் துன்ன மீனக் குடுக்கவா?"

மறுநாள் எட்டு மணிக்கு அவர் வரவில்லை. ஒன்பதுக்கும் இல்லை. பதினொரு மணிக்கு இடுப்புவரை நனைந்த சேலையோடு வந்து உட்கார்ந்தார். அன்னக்கூடையை ஈர இலை மூடியிருந்தது. நான் இலையை விலக்கிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் இரண்டு கை அளவு அயிரை, உயிரோடு.

"கையை எடும்மா. இது விக்கறதுக்கு இல்ல."

கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். பன்னிரண்டு மணி ஆயிற்று, ஒன்று ஆயிற்று. பெண்கள் டைப் அடிக்கிற சத்தத்தில் எனக்கு லாரிச் சத்தம் கேட்காதோ என்று கிளாஸை நிறுத்திவிட்டு ஜன்னலிலேயே நின்றேன். இரண்டு மணிக்கு அவன் வந்தான், கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

அக்கா ஒரு மீன்கூடத் தரையில் விழாமல் தண்ணீரோடு அதில் சாய்த்தார். "எத்துகினு போ. இதுல ஒரு கொறையும் இல்ல" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் தன் மீனைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அவன் தூக்கை வெளிச்சத்துக்குச் சாய்த்து உள்ளே பார்த்தான். "அயிர வருதா இப்ப? எங்க புடிச்சேம்மா?"

"உன் லாரி எறங்குன எடத்துலதான்."

அவன் தூக்கை மூடாமல், படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.